மலைப்பாதை ஜீப்புக்குக் கனத்த ஸ்டீயரிங் ராடு

மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் படிக்கிற நமது சங்கப் பத்திரிகையில் ஜீப் வண்டியின் ஸ்டீயரிங் ராடு பற்றி ஒரு கட்டுரையா என்று வாசக அன்பர்கள் சிலர் நினைக்கக்கூடும். போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் பக்கத்து வியாபாரிகள் அப்படி நினைக்க மாட்டார்கள். முந்தலில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி வரைக்கும் தார் ரோடு இருக்கிறது, லாரி போகிறது. அதற்கு அப்பால் ஏலத்தோட்டத்துக்குள்ளும் தேயிலை எஸ்டேட்டுக்குள்ளும் இருக்கிற லயத்துக் கடைக்கு ஒரு மூட்டை அரிசியும் ஒரு டின் எண்ணெயும் போய்ச் சேர வேண்டுமானால் ஜீப்தான் கதி. கொழுக்குமலை எஸ்டேட் நமது தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் வண்டி போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஏற வேண்டும். அதைப் பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். கல் குவியலின் மேல் வண்டி தவழ்ந்து போகிறது.

டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கோட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் இறங்கிய காலம் ஒன்று உண்டு. அது போன பிறகு குதிரையும் கழுதையும் சுமந்தன. அவற்றுக்கு அடுத்து வந்தது ஜீப். மேலே போகும்போது நம்முடைய பலசரக்கு, கீழே வரும்போது அவர்களுடைய ஏலக்காய், மிளகு, காப்பிக்கொட்டை என்று இரண்டு பக்கத்து வியாபாரமும் இந்த வண்டியின் மேல்தான் நடக்கிறது.

இப்போது நம் பகுதியில் சரக்கு ஜீப் வைத்திருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கம்பெனி ராடைக் கழற்றிவிட்டுக் கனத்த ராடு போட்டு வருகிறார்கள். போட்டவுடன் மண்டிக்கு வந்து மூட்டைக்கு 5 ரூபாய் வாடகை கூட்டிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். நம்மில் சிலர், "உன் வண்டிக்கு நீ செய்கிற செலவை நான் ஏன் தர வேண்டும்?" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வேறு சிலர் கேட்டதைக் கொடுத்துவிட்டு, என்ன ராடு, எங்கே செய்தது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. இரண்டுமே வியாபாரிக்கு அழகில்லை என்பது என் அபிப்பிராயம். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் பட்டறைக்காரர்களிடமும் பழைய டிரைவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை, வண்டிகளை நானே பார்த்ததோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஜீப்பின் முன்சக்கரம் இரண்டையும் ஒரு ஜோடி மாடுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஒரே திசையில் பார்க்க வைக்கிற நுகத்தடிதான் டை ராடு. ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கைத் திருப்புவதை அந்த நுகத்தடி வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற இன்னொரு கம்பி டிராக் லிங்க். பழைய வில்லிஸ் அமைப்பில் நடுவில் பெல் கிராங்க் என்று ஒரு முக்கோணத் துண்டு இருக்கும். டிராக் லிங்க் அதைத் தள்ள, அதிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு டை ராடு போகும். பின்னால் வந்த பல வண்டிகளில் பெல் கிராங்க் இல்லை. ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை நீளமாக ஒரே ராடு. எந்த அமைப்பாக இருந்தாலும் ராடு தொங்குகிற இடம் ஒன்றுதான். முன் அச்சை ஒட்டி, தரைக்கு மிக அருகில், கல்லும் வேரும் முதலில் வந்து மோதுகிற இடம்.

நுகத்தடி வளைந்தால் மாடுகள் ஒன்றை ஒன்று பார்க்கும், அல்லது ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். ராடும் அப்படித்தான். ஒரு மீட்டர் நீளமுள்ள ராடு நடுவில் 3 சென்டிமீட்டர் வளைந்தால், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு உள்ள தூரம் 2 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைகிறது. 2 மில்லிதானே என்று விடக்கூடாது. ராடு பிடித்திருக்கிற கை சிறியது, டயர் பெரியது. டயர் விளிம்பில் அந்த 2 மில்லி ஏறத்தாழ ஐந்து மடங்காகி ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். பிறகு வண்டி நேராகப் போகாது. டிரைவர் கை ஓயாமல் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்து போகும்.

மலைப்பாதையில் ராடு வளைவதற்குக் கல்லில் அடிபடுவது ஒன்றே காரணம் என்று நினைக்கிறோம். இன்னொன்றும் இருக்கிறது. முன்சக்கரம் இரண்டு கல்லுக்கு இடையில் சிக்கி நிற்கும்போது ஸ்டீயரிங்கைப் பலமாகத் திருப்பினால் சக்கரம் நகராது, ராடுதான் வளைந்து கொடுக்கும். சாதாரண ஸ்டீயரிங்கில் கைக்கு வலிக்கும், டிரைவர் நிறுத்திவிடுவார். பவர் ஸ்டீயரிங்கில் அந்த வலி கைக்குத் தெரியாது. எண்ணெய் அழுத்தம் தள்ளிக்கொண்டே இருக்கும். பவர் ஸ்டீயரிங் பூட்டிய பழைய ஜீப்புகளில் ராடு அடிக்கடி வளைகிறது என்று பட்டறைக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். இதற்கு மேல் இளைஞர்கள் பெரிய டயர் மாட்டுகிறார்கள். டயர் பெரிதானால் அதைத் திருப்ப வேண்டிய பலமும் கூடுகிறது, கல் தருகிற உதையும் கூடுகிறது. ராடு மட்டும் பழைய சின்ன டயருக்காகச் செய்ததாகவே இருக்கிறது.

சரி, கனத்த ராடு என்றால் என்ன? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கனம் என்றால் எடை என்று எண்ணிக்கொண்டு, உள்ளே துவாரம் இல்லாத முழு இரும்புக் கம்பியை லேத்தில் கொடுத்து மரை போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன், வியாபாரிகளுக்குக் கணக்குச் சொன்னால் புரியும். 25 மில்லி வெளிக்குறுக்களவும் 3 மில்லி கனமும் உள்ள குழாய் ராடு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதே 25 மில்லியில் முழுக் கம்பி போட்டால் எடை 2.4 மடங்கு ஆகிறது. வளையாமல் நிற்கும் விறைப்பு ஒன்றரை மடங்குதான். அதற்குப் பதில் 32 மில்லி வெளிக்குறுக்களவும் 5 மில்லி கனமும் உள்ள குழாய் போட்டால் எடை 2 மடங்கு, விறைப்பு 3 மடங்குக்கும் மேல். குறைந்த எடையில் இரட்டிப்புப் பலன். காரணம் எளிது. வளைவை எதிர்ப்பது வெளிவட்டத்தில் இருக்கிற இரும்புதான். நடுவில் இருக்கிற இரும்பு சும்மா கூட வருகிறது. மூங்கிலைப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லை, ஆனால் அதே எடையுள்ள மெல்லிய குச்சி அதன் பக்கத்தில் நிற்குமா?

ஆகவே ஜீப்காரர் கனத்த ராடு போட்டிருக்கிறேன் என்று சொன்னால் வெளிக்குறுக்களவு எத்தனை, குழாயின் கனம் எத்தனை என்று இரண்டையும் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்வி, என்ன குழாய். தட்டையான தகட்டைச் சுருட்டித் தையல் வைத்துப் பற்றவைத்த சாதாரணக் குழாய் வேறு, பற்றவைத்த பிறகு குளிர் இழுவையில் இழுத்து உறுதியாக்கிய குழாய் வேறு, தையலே இல்லாத சீம்லெஸ் குழாய் வேறு. பின்னால் சொன்ன இரண்டும்தான் இந்த வேலைக்கு ஆகும். தண்ணீர்க் குழாயை வெட்டி ராடு செய்த கைங்கரியத்தையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? முதல் பெரிய கல்லுக்குத் தெரியும்.

மிகவும் கடினமான இரும்பு நல்லது என்று ஒரு எண்ணமும் இருக்கிறது. அளவுக்கு மீறிக் கடினப்படுத்திய இரும்பு வளையாது, ஆனால் ஒரு நாள் சொல்லாமல் முறியும். ஸ்டீயரிங் ராடுக்கு முறிகிற குணம் ஆகவே ஆகாது. வளைந்த ராடோடு கூட டிரைவர் வண்டியை உருட்டி ஓரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். முறிந்த ராடோடு சக்கரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம் என்கிற நம்முடைய பாதைகளில் அதன் அர்த்தம் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. மூட்டைகளுக்கு மேல் தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்து வருவதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பழைய மெல்லிய ராடு வளைந்துகொண்டிருந்தது என்றால், அது ஒரு வகையில் வீட்டு மெயின் போர்டில் இருக்கிற பீஸ் கம்பி மாதிரி வேலை செய்துகொண்டிருந்தது. உதை முழுவதையும் தன் மேல் வாங்கிக்கொண்டு தான் கெட்டு, மற்றதைக் காப்பாற்றியது. இப்போது அந்தக் கம்பியைத் தடிமனாக்கிவிட்டோம். கல் தருகிற உதை குறைந்துவிட்டதா? இல்லை. அது ராடைத் தாண்டி அடுத்த இடத்துக்குப் போகிறது. அடுத்த இடம் டை ராடு எண்டில் இருக்கிற பால் ஜாயிண்ட். அது தாங்கினால் நக்கிள் ஆர்ம், பிறகு பெல் கிராங்கின் பின்னும் புஷ்ஷும். அதுவும் தாங்கினால் ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் இருக்கிற பல், இல்லையென்றால் பாக்ஸைச் சேஸிஸோடு பிடித்திருக்கிற போல்ட். கடைசியில் சேஸிஸிலேயே விரிசல் விடும். இந்த வரிசையில் எது பலவீனமோ அது உடையும். ராடு வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் தளர்ந்தாலும், சேஸிஸில் முடி அளவு விரிசல் விட்டாலும் சேற்றுக்குள் யாருக்கும் தெரியாது.

இதைச் சொல்லும்போது கனத்த ராடே வேண்டாம் என்று நான் வாதிடுவதாக நினைக்க வேண்டாம். மலைப்பாதைக்குக் கனத்த ராடு வேண்டும். ராடு மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று மண்டிக்கு வந்து வாடகை கேட்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ராடை மாற்றுகிறவர் எண்டு நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். பெல் கிராங்க் வண்டியாக இருந்தால் அதன் பின், புஷ் புதிதாகப் போட வேண்டும். பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் ஸ்டீயரிங் ஆட்டத்துக்குப் பாதிக் காரணம் இந்தப் பெல் கிராங்க்தான் என்று எந்தப் பழைய மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். ஸ்டீயரிங் பாக்ஸ் உட்கார்ந்திருக்கிற இடத்தைச் சுத்தம் செய்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, வேண்டுமானால் சேஸிஸுக்குத் தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும். இவ்வளவும் செய்தவருக்கு மூட்டைக்கு 5 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம்.

மரை விஷயமும் முக்கியம். டை ராடின் ஒரு முனையில் வலது மரையும் மறு முனையில் இடது மரையும் இருக்கும். ராடைக் கழற்றாமலே சுழற்றி நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் இந்த ஏற்பாடு. சில லேத் பட்டறைகளில் இடது மரை டாப் இல்லாததால் இரண்டு பக்கமும் வலது மரையே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மாட்டலாம், ஓடும்; அலைன்மெண்ட் செய்யும்போதுதான் கஷ்டம் தெரியும். ஒவ்வொரு தடவையும் எண்டைக் கழற்றிச் சுற்ற வேண்டும், ஒரு முழுச் சுற்றுக்குக் குறைவாகத் திருத்தவும் முடியாது. அன்றியும், எண்டின் மரை ராடுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மரையின் குறுக்களவைப் போல் ஒன்றரை மடங்காவது உள்ளே இருப்பது நல்லது. நீளம் பற்றாமல் செய்துவிட்ட ராடில் நான்கு மரை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுகிற வண்டிகள் உண்டு.

எண்டின் கூம்பு ஆணி நக்கிள் ஆர்மின் துவாரத்தில் முழுதாக உட்கார வேண்டும். கனத்த எண்டு போடுகிறேன் என்று வேறு வண்டியின் எண்டை வாங்கி வந்து, கூம்பு பொருந்தாமல், நட்டை மட்டும் இறுக்கி நிறுத்தினால் அது நாளாவட்டத்தில் துவாரத்தையே தின்றுவிடும். கூம்பு பொருந்தாவிட்டால் சரியான ரீமர் போட்டுத் துவாரத்தைத் திருத்த வேண்டும், அது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. நட்டின் மேல் ஸ்பிலிட் பின் கட்டாயம். ஸ்பிலிட் பின் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக் கம்பி சுற்றியிருந்தால் அந்த வண்டியில் நம் சரக்கை ஏற்றக்கூடாது என்பது நான் வைத்திருக்கிற விதி. டிரைவருக்குக் கோபம் வரும், வரட்டும்.

பந்தயத்துக்குப் போகிற வண்டிகளில் ஹைம் ஜாயிண்ட் என்று ஒரு வகை மூட்டு போடுகிறார்கள். பார்க்க மிக அழகாக இருக்கும், பலமும் உண்டு. ஆனால் அதற்குப் பால் ஜாயிண்டைப் போல ரப்பர் மூடி கிடையாது, கிரீஸ் உள்ளே தங்காது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற நம் மலையில், சேறும் மணலும் உள்ளே புகுந்து சீக்கிரம் ஆட்டம் கொடுத்துவிடும். பந்தயக்காரர் ஓட்டம் முடிந்ததும் கழற்றிப் பார்த்து மாற்றிவிடுகிறார். நம் ஜீப்காரருக்கு அந்த நேரம் எங்கே இருக்கிறது? ரப்பர் மூடி போட்ட, கிரீஸ் நிப்பிள் உள்ள எண்டே சரக்கு வண்டிக்கு ஏற்றது.

சில வண்டிகளில் குறிப்பிட்ட வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தவுடன் முன்சக்கரம் இரண்டும் கடகடவென்று நடுங்கும். ஸ்டீயரிங் கையில் நிற்காது. இதற்கும் கனத்த ராடுதான் மருந்து என்று விற்கிறார்கள். அது சரியல்ல. நடுக்கம் வருவது தேய்ந்த எண்டு, தளர்ந்த கிங் பின் பேரிங், பாலன்ஸ் இல்லாத டயர், கோணம் மாறிய அச்சு ஆகியவற்றால். ஸ்டீயரிங் டேம்பர் என்று ஒரு ஷாக் அப்சார்பரைக் குறுக்கே போட்டால் நடுக்கம் அடங்கிவிட்டது போல் தோன்றும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டு வேலைக்குப் போகிற கதைதான் அது. டேம்பர் தேய்கிற அன்று பழைய நடுக்கம் திரும்ப வரும், அதற்குள் மற்ற மூட்டுகள் இன்னும் தேய்ந்திருக்கும்.

இந்தப் பேச்செல்லாம் முன் அச்சு ஒரே துண்டாக இருக்கிற ஜீப்புகளுக்கும், 1985 முதல் வந்த மாருதி ஜிப்ஸி போன்ற வண்டிகளுக்கும்தான் பொருந்தும். 2020-ல் வந்த தார் போல முன்சக்கரங்கள் தனித்தனியாக ஆடுகிற வண்டிகளில் நீள ராடு இல்லை. ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து இரண்டு பக்கமும் குட்டையான ராடு போகிறது. அங்கே ராடைக் கனமாக்கினால் உதை நேராக ரேக்குக்குப் போகும், ரேக்கின் விலை ராடின் விலை அல்ல. புதிய வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் பழைய ஜீப்காரரைப் பார்த்து அதே மாதிரி செய்யக்கூடாது.

இனி நம்முடைய பங்கு. முதல் ஜீப்பை அமெரிக்க ராணுவம் கால் டன் டிரக் என்ற வகையில்தான் வாங்கியது. கால் டன் என்பது அவர்கள் கணக்கில் 500 பவுண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ 227 கிலோ. அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்பது. கரடுமுரடான பாதையில் அந்த வண்டிக்கு வைத்த அளவு அவ்வளவுதான். 1945-ல் எஃகு வியாபாரக் கம்பெனியாகத் தொடங்கிய மகிந்திரா (நம்மைப் போல வியாபாரிகள்தான்!) பிற்காலத்தில் அதே குடும்பத்து வண்டிகளை நீளமாகவும் பலமாகவும் செய்து தந்தது, சுமக்கும் அளவும் கூடியது என்பது உண்மை. ஆனாலும் நாம் ஏற்றுவது எவ்வளவு? இருபது சிப்பம் அரிசி, நான்கு மூட்டை சர்க்கரை, பத்து டின் எண்ணெய், அதற்கு மேல் புளி, மிளகாய் வற்றல், சோப்புப் பெட்டி. கூடவே ஐந்தாறு ஆள். அரிசியும் சர்க்கரையும் மட்டுமே 700 கிலோ.

இந்தப் பாரம் பெரும்பாலும் பின் அச்சுக்கு மேலேயும் அதற்குப் பின்னாலேயும் விழுகிறது. ஏற்றத்தில் முன்சக்கரம் இலேசாகிவிடும், ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. டிரைவர் இன்னும் அதிகமாகத் திருப்புவார். சக்கரம் சட்டென்று ஒரு கல்லில் பிடி கிடைத்ததும் அந்தத் திருப்பல் முழுவதும் ஒரே உதையாக ராடின் மேல் வரும். இறக்கத்தில் இதற்கு நேர்மாறு, பாரம் முழுவதும் முன்னால் சாய்ந்து அழுத்தும். ஆக, ராடு வளைவதில் கல்லுக்கு ஒரு பங்கு என்றால் நம்முடைய பில்லுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. "இன்னும் இரண்டு மூட்டைதானே, போட்டுக்கொண்டு போ" என்று சொல்லாத மண்டிக்காரர் யார்?

எனக்குச் சரக்கு கொண்டுபோகிற ஜீப் ஒன்று சில வருஷங்களுக்கு முன் ஐப்பசி மழையில் சாந்தன்பாறைக்கு உள்ளே ஒரு தோட்டத்துப் பாதையில் ராடு வளைந்து நின்றுவிட்டது. டிரைவர் கெட்டிக்காரர், கழற்றி, மரக்கவட்டில் கொடுத்து நிமிர்த்தி மாட்டினார். ஒரு தடவை வளைந்து நிமிர்ந்த கம்பி அதே இடத்தில் சுலபமாக மறுபடி வளையும். அரைக் கிலோமீட்டரில் மறுபடி வளைந்தது. இரவு முழுவதும் தார்ப்பாயைத் தாண்டி மழை இறங்கியது. பதினான்கு சிப்பம் அரிசி நனைந்து போயிற்று. பணம் போனது ஒரு பக்கம். மறுநாள் அந்த எஸ்டேட்டில் சம்பள நாள். கடையில் அரிசி இல்லை. கடைக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அடுத்த மாதம் முதல் பாதிச் சரக்கை வேறு மண்டியில் வாங்க ஆரம்பித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். லயத்து ஜனங்கள் அவர் கடை வாசலில் வெறும் பையோடு நின்றிருக்கிறார்கள்.

வாடகைக் கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ராடு, எண்டு, பெல் கிராங்க் வேலை, லேத் கூலி, அலைன்மெண்ட் எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு 15 மூட்டை, மூட்டைக்கு 5 ரூபாய் என்றால் 75 ரூபாய். 160 நடையில் முதல் திரும்பிவிடும். வாரம் 4 நடை என்றால் 40 வாரம். ஆகவே ஜீப்காரரிடம் நான் வைத்த ஏற்பாடு இதுதான். வேலையை முழுசாகச் செய், பில்லைக் காட்டு, ஒரு வருஷத்துக்கு 5 ரூபாய் கூட்டித் தருகிறேன், அதற்குப் பதில் நடைக்கு 15 மூட்டைக்கு மேல் நானும் ஏற்றச் சொல்ல மாட்டேன், நீயும் வேறு இடத்தில் ஏற்றக்கூடாது. கடைசி நிபந்தனைக்குத்தான் நிறையப் பேச்சுவார்த்தை ஆயிற்று. மூட்டை குறைந்தால் நடை கூடும், டீசல் கூடும் என்றார். நியாயம்தான். அதற்காகத்தான் அந்த 5 ரூபாயை ஒரு வருஷம் கழித்தும் நிறுத்த வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் அதிக பாரத்துக்கு அபராதம் இருக்கிறது. 2019-ல் திருத்திய பிறகு அது 20,000 ரூபாயும், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும். ஓட்டுகிறவர் மட்டும் என்று அதில் இல்லை. ஓட்டச் செய்கிறவரும் ஓட்ட அனுமதிப்பவரும் அதில் வருகிறார்கள். அதே சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. பெரிய டயர், வேறு வண்டியின் அச்சு, உயர்த்திய ஸ்பிரிங் ஆகியவற்றோடு சேர்த்து ராடு மாற்றுகிறவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியில் வாடகைச் சரக்கு ஏற்றினால் விபத்து நேரும்போது இன்சூரன்ஸ்காரர் முதலில் எடுத்து வைப்பது அந்தக் காரணத்தைத்தான்.

டூப்ளிகேட் சாமான் பற்றி வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பருப்பில் கல் எப்படிக் கலக்கிறது என்று நமக்குத் தெரியும். உதிரி பாகத்திலும் அப்படியே. பெட்டி கம்பெனிப் பெட்டி மாதிரியே இருக்கும். எண்டைக் கையில் எடுத்து ஆணியை ஆட்டிப் பாருங்கள். புதிய எண்டு ஒரே சீராக, கொஞ்சம் இறுக்கமாக அசைய வேண்டும். சொத்தென்று தொங்கினாலும், ஒரு இடத்தில் சிக்கி ஒரு இடத்தில் இளகினாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பில் இல்லாமல் வாங்கவே கூடாது. பெரும்பாலான வாகன உதிரி பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் போட்டால் விலை கூடிவிடும் என்று கடைக்காரர் சொல்வது முன்பு இருந்த அளவுக்கு இப்போது எடுபடாது.

மழை பிடிக்கும் முன் ஒவ்வொரு வண்டியையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். இதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்ட, மற்றவர் முன்னால் குனிந்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கை திரும்பியும் சக்கரம் திரும்பாத மூட்டில்தான் தேய்மானம். ராடின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வளைவு தெரிந்துவிடும். இரண்டு முன்டயர்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அச்சு உயரத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து பார்த்தால் அலைன்மெண்ட் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது ஏறத்தாழப் புரியும். டயரின் மேல் உள்ளங்கையை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கமாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் அரம் மாதிரியும் இருந்தால் வண்டியை நேராக அலைன்மெண்ட் கடைக்கு அனுப்ப வேண்டும்.

எங்கள் மண்டியில் சரக்கு ஏற்றுகிற வண்டிகளுக்கு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். ராடு மாற்றிய தேதி, எண்டு மாற்றிய தேதி, கடைசியாகக் கிரீஸ் அடித்த தேதி, ஆர்.சி.யில் உள்ள எடை என்று நான்கே கட்டம். பில் போடுகிற பையன் மூட்டைக் கணக்கோடு அதையும் பார்த்துவிட்டுத்தான் கேட் பாஸ் எழுதுகிறான். கூடவே, பழைய நல்ல ராடு ஒன்றும் இரண்டு எண்டும் டிரைவர் சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை சீட்டைத் தூக்கிப் பார்க்கிறோம்.